ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது

சில ஆண்டுகளுக்கு முன், காட்டாங்குளத்தூர் வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் கிராமசபைக் கூட்டத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பள்ளிக்கூட வளாகத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். தலைவரம்மா, துணைத்தலைவர், ஊராட்சிச் செயலர், ஒன்றிய அலுவலகத்திலிருந்து பற்றாளராக வந்திருந்த அலுவலர் ஆகியோர் மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்தனர். இப்பால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் முன்வரிசை ஆண்களும், பின்னே தரையில் நூறுநாள் வேலைப் பெண்களும். வரவு செலவு வாசிக்கப்பட்டது. தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை வண்டி, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைச் சுத்தம் செய்தல் என்று பொருள்கள் ஒவ்வொன்றாய்க் கடந்து போயின. செயலர் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடியும் தறுவாயில் ஒரு மூதாட்டி எழுந்து, "மூணு வருஷமா சொல்லினு இருக்கேன் தலைவரம்மா. நீங்களும் நோட்டுல எழுதிக்கிறீங்க. கொழாயில தண்ணி வரல" என்றார். சிலர் சிரித்தார்கள். தலைவரம்மா சிரிக்கவில்லை. "எழுதுங்க" என்று செயலரிடம் சொன்னார். செயலர் எழுதினார்: குடிநீர் வசதி மேம்படுத்துவது எனத் தீர்மானிக்கப்பட்டது.

மூன்று ஆண்டுகள், வராத தண்ணீர், சிரிப்பு ஆகிய எவையும் அந்த வாக்கியத்தில் இல்லை. நாளை ஒருவர் அத்தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால், கவலையற்ற ஓர் ஊர் ஏகமனதாக முன்னேறிக்கொண்டிருந்தது என்றே எண்ணுவார். ஓர் ஊரின் அன்றாட அலுவல்களைக் கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கம் நம் நிலப்பகுதியில் மிகப் பழையது. அந்தக் கூட்டங்களில் யார் அமர்ந்தார்கள், யார் பேசினார்கள், யார் கணக்குக் காட்டினார்கள் என்ற கேள்வியும் அதே அளவு பழையது. அக்கேள்வியைப் பின்தொடர்ந்து சற்றுத் தூரம் நடந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லில் எழுதிய விதிகள்

தொடங்க வேண்டிய இடம் தொலைவில் இல்லை. அண்டை மாவட்டமான காஞ்சிபுரத்தில் உள்ள உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்கள்தாம் அது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது ஏறத்தாழ 919, 921 ஆகிய ஆண்டுகளில், சபையார் இயற்றிய விதிகள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அவ்வாறு தேர்ந்தவர்கள் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றில் 360 நாள் பணியாற்றினார்கள்.

இக்கல்வெட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குடத்தோடும் ஓலையோடும் நின்றுவிடுகிறார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அடிக்கல் நாட்டு விழாவிலும் பிரதமர் உத்திரமேரூரைக் குறிப்பிட்டார். ஆனால் இக்கல்வெட்டுகளின் உயிர் தகுதியின்மை பற்றிய பகுதியில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மீண்டும் வர இயலாது. அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர இயலாது. அந்த உறவு முறைகளை ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்கிறது கல்வெட்டு. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரையும் குடத்தில் இட முடியாது. இத்தனை நுணுக்கமான விதி ஒன்று எழுதப்படுகிறது என்றால், கணக்குக் காட்டாதவர்களும், தாம் விலகித் தம் மைத்துனனை உட்கார வைத்தவர்களும் அவ்வூரில் இருந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்? நோய் இல்லாத ஊரில் மருந்துக்குறிப்பு எழுதப்படுவதில்லை.

இரண்டே ஆண்டு இடைவெளியில் இரண்டு கல்வெட்டுகள் என்பதையும் கவனிக்க வேண்டும். முதலில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. திருத்தத்தில் அது 35 முதல் 70 வரை ஆயிற்று. முதல் விதி சரிவரவில்லை, கூடிப் பேசினார்கள், மாற்றினார்கள். தம் விதியைத் தாமே திருத்திக்கொள்ளும் அவையை உயிருள்ள அவை என்று கூறலாம்.

ஆனால் அந்தக் குடத்தில் யார் பெயர் விழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேத சாத்திர அறிவு ஆகியன தகுதிகள் (மிகுந்த கல்வி உடையோர்க்கு நில அளவில் சலுகை உண்டு). வயலில் உழைத்தவர்க்கும், ஏரிக்கரையில் மண் சுமந்தவர்க்கும், பெண்களுக்கும் ஓலை இல்லை. ஏரி வாரியம் ஏரியைக் காத்தது உண்மை. ஏரியைத் தூர் எடுத்தவர் வாரியத்தில் இல்லை என்பதும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேரக் கையில் வைத்திருப்பது கடினம். ஒன்றை விட்டவர்கள் பொற்காலம் பாடுகிறார்கள். மற்றதை விட்டவர்கள் அதில் கற்க ஏதுமில்லை என்கிறார்கள்.

ஜாகீரிலிருந்து ஜில்லா போர்டுக்கு

செங்கற்பட்டுச் சீமை ஆங்கிலேயரிடம் மிக முன்னதாகவே வந்து சேர்ந்தது. ஆர்க்காட்டு நவாப் 1763இல் கும்பினிக்கு ஜாகீராக அளித்த பகுதி இது. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை இங்குள்ள சுமார் 2000 ஊர்களை அளந்து, ஏரிகள், வீடுகள், தொழில்கள், மானியங்கள் என்று பதிவு செய்தார். பின்னாளில் தரம்பால் போன்ற ஆய்வாளர்கள் கும்பினிக்கு முற்பட்ட கிராம வாழ்வைப் புரிந்துகொள்ள இப்பதிவுகளையே நாடினர்.

இந்தச் சீமையின் தனித்தன்மை மிராசு உரிமை. ஊரின் நிலத்தில் பங்குரிமை பெற்ற குடும்பங்களே ஊரின் முடிவுகளை எடுத்தன. சென்னை மாகாண ஆவணங்களில் மிராசு பற்றி எழுதப்பட்டவை பல்லாயிரம் பக்கம் இருக்கும். 1830இல் சார்லஸ் மெட்காஃப் இந்தியக் கிராமங்களைச் சிறு குடியரசுகள் என்று வருணித்தார். அது டெல்லிப் பக்கத்து அனுபவத்தில் எழுந்த வருணனை. பின்னர் எல்லாக் கிராமங்களுக்கும் அதுவே சட்டையாகத் தைக்கப்பட்டது.

அந்தக் குடியரசின் குடிமக்கள் யார் என்று 1891இல் ஓர் அரசு அலுவலர் கணக்கெடுத்தார். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த ட்ரெமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் சமூகத்தாரின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். தரிசு நிலத்துக்கு அவர்கள் மனுச் செய்தால் மிராசுதாரர் தடுத்தனர். குடியிருந்த மனையும் அவர்களுக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் மனையை விட்டே வெளியேற்றப்படலாம். இந்த அறிக்கையின் விளைவாக 1892இல் அரசாணை பிறந்து, இன்று பஞ்சமி நிலம் என்று நாம் அழைக்கும் நிலங்கள் வழங்கப்பட்டன. அவற்றில் எவ்வளவு இன்று உரியவர் கையில் உள்ளது என்பது தனிக்கட்டுரைக்கு உரிய துயரம்.

இதே காலத்தில்தான் தல சுயாட்சி என்ற சொல்லும் புழக்கத்துக்கு வந்தது. 1882 மே மாதத்தில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானமும், அதையொட்டி வந்த 1884ஆம் ஆண்டுச் சென்னைத் தல நிர்வாகச் சட்டமும் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, கிராம யூனியன் என்ற மூன்றடுக்கை உண்டாக்கின. சாலை, சத்திரம், பள்ளி, மருத்துவமனை, அம்மை குத்துதல், சந்தை ஆகியனவே போர்டுகளின் அலுவல்கள். ஜில்லா போர்டுக்குத் தலைவர் கலெக்டரே. நியமனம் பெற்றவர்களும், வரி செலுத்தியதால் வாக்குப் பெற்றவர்களால் அனுப்பப்பட்டவர்களும் அவரைச் சுற்றி அமர்ந்தார்கள். 1920ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தேர்தலின் பங்கு பெருகியது. தாலுகா போர்டுகள் 1934இல் ஒழிக்கப்பட்டன.

போர்டு சாலை போட்டது. அந்தச் சாலையில் எல்லோரும் நடக்கலாமா? போர்டு கிணறு வெட்டியது. அந்தக் கிணற்றில் எல்லோரும் நீர் இறைக்கலாமா? இக்கேள்வியைச் சட்டமன்றத்துக்கு எடுத்துச் சென்றவர் இந்த மாவட்டத்துக்காரர். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராய் இருந்தபோது, 1924இல், பொதுச்சாலைகளிலும் கிணறுகளிலும் பொது இடங்களிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உள்ள உரிமையை அரசு அறிவிக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தீர்மானம் ஏற்கப்பட்டு அரசாணையும் வந்தது. சாலை, கிணறு என்பவை பார்வைக்கு மிகச் சாதாரண அலுவல்கள். ஒரு சமூகத்தின் நாள்தோறுமான மானமும் அவமானமும் அவற்றில் அடங்கியிருந்தன.

அரசியலமைப்பில் விடுபட்டதும் சேர்ந்ததும்

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு வரைவில் கிராமப் பஞ்சாயத்துக்கு முதலில் இடமிருக்கவில்லை. காந்தியர்கள் குறைப்பட்டார்கள். 1948 நவம்பர் 4 அன்று பேசிய அம்பேத்கர் அந்தக் குறையை ஏற்கவில்லை. கிராமம் என்பது அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் உறைந்த இடம் என்ற பொருளில் கடுமையாகப் பதிலளித்தார். மெட்காஃபின் வருணனையையும் அவர் விட்டுவைக்கவில்லை. பதினெட்டு நாள் கழித்து, நவம்பர் 22 அன்று, தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்பட்டது. அதுவே பின்னர் 40ஆம் பிரிவாக, அரசுக்கான நெறிகாட்டுக் கோட்பாடுகளுள் ஒன்றாக நின்றது.

இவ்விருவரில் யார் சரி என்று கேட்பது வழக்கம். ட்ரெமென்ஹீர் அறிக்கையைப் படித்தவர்க்கு அம்பேத்கரின் சினம் புரியும். குழாயில் வராத தண்ணீருக்காகத் தலைமைச் செயலகத்துக்கு நடக்க முடியாத மூதாட்டியைப் பார்த்தவர்க்குச் சந்தானத்தின் கவலை புரியும்.

1958ஆம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம், காமராஜர் முதல்வராயிருந்தபோது வந்தது. ஜில்லா போர்டுகள் மறைந்தன; வளர்ச்சி வட்டாரத்தின் எல்லையே ஊராட்சி ஒன்றியத்தின் எல்லையாயிற்று. ஒன்றியக் குழுவில் ஊராட்சித் தலைவர்களே உறுப்பினர்கள். தொடக்கப்பள்ளிகள் ஒன்றியத்தின் பொறுப்பில் நடந்தன. ஒன்றிய அலுவலகம், வட்டார வளர்ச்சி அலுவலர், கிராம சேவக் என்ற பெயர்கள் மக்கள் பேச்சில் நிலைத்தன. இன்று காட்டாங்குளத்தூர் ஊராட்சி ஒன்றியம் என்று நாம் சொல்வது இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியே.

ஏற்பாடு இருந்தது, தேர்தல்தான் நின்று நின்று போயிற்று. 1970க்குப் பிறகு 1986இல்தான் உள்ளாட்சித் தேர்தல். 1991இல் அந்தப் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்கள். 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டு, 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. ஐந்தாண்டுக்கொரு தேர்தல் இனி அரசியலமைப்பின் கட்டளை என்று நம்பினோம். 2001, 2006, 2011 வரை அப்படியே நடந்தது. 2016இல் அறிவிக்கப்பட்ட தேர்தல் உயர் நீதிமன்றத்தால் ரத்தாயிற்று. மற்ற மாவட்டங்களில் 2019 டிசம்பரில் வாக்குப்பதிவு நடந்தபோதும், புதிதாய்ப் பிரிக்கப்பட்டவை உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கற்பட்டும் அவற்றுள் ஒன்று. இங்கே 2021 அக்டோபரில்தான் வாக்குப்பெட்டி வந்தது.

அதாவது, 2016 முதல் 2021 வரை ஐந்தாண்டுகள் காட்டாங்குளத்தூர் ஒன்றியத்தில் எந்த ஊருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சமும் 2020இன் பெருந்தொற்றும் அந்த ஐந்தாண்டுக்குள்தாம் வந்தன. தனி அலுவலர்களில் நேர்மையாகவும் கடுமையாகவும் உழைத்தவர்கள் பலர். ஆயினும், தனி அலுவலரைத் தெருவில் மறித்து, "ஓட்டுக் கேட்டு வந்தியே" என்று கேட்க முடியாது. உத்திரமேரூரில் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழாது; குடமே வைக்கப்படாத காலத்தில் அந்த விதியால் என்ன பயன்?

சட்டத்தில் கிராமம், கண்ணுக்கு நகரம்

தாம்பரத்துக்குத் தெற்கே ரயிலில் செல்பவர்க்கு வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர் எல்லாம் ஒரே நகரின் தொடர்ச்சி. சட்டத்தின் கண்ணுக்கு அவை வெவ்வேறு. 2021இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று, நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சியாயிற்று. ஆனால் அவ்வாண்டு அக்டோபர்த் தேர்தலில் வண்டலூரும் ஊரப்பாக்கமும் கிராம ஊராட்சிகளாகவே வாக்களித்தன. உயிரியல் பூங்காவும், அடுக்கு மாடிகளும், 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் உள்ள பகுதியின் குப்பையையும் கழிவுநீரையும் கிராமத்துக்கென வகுத்த நிதியையும் ஆட்களையும் கொண்டு சமாளிக்க வேண்டிய நிலை.

இங்கே வீடு வாங்கிய நடுத்தர வர்க்கத்தார்க்குப் பஞ்சாயத்து என்றால் ஒரு சொல்தான் நினைவுக்கு வரும்: பஞ்சாயத்து அப்ரூவல். தலைவர் முத்திரையோடு மனைப்பிரிவுகள் விற்கப்பட்ட காலம் அது. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகும், 2017இல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகும்தான், அந்த முத்திரையின் மதிப்பு என்ன என்பது பலருக்குத் தெரிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கியபோது, ஏரிகளும் கால்வாய்களும் தம் பழைய இடத்தைத் தேடி வந்தன என்று மக்கள் பேசிக்கொண்டார்கள்.

ஏரி என்றதும் ஒரு செய்தி. தமிழகத்தில் 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளன. பெரியவை நீர்வளத் துறைக்கு. ஆக, பதினோரு நூற்றாண்டுக்கு முந்தைய ஏரி வாரியத்தின் வாரிசு யார் என்று கேட்டால், சட்டப்படி ஒன்றியக் குழுவே. அக்குழுவின் கூட்ட அறிவிப்பில், "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்" என்று முடியும் வரிகளுக்கிடையே, ஏதோ ஓர் ஏரியின் கலங்கலும் மதகும் வந்து போகின்றன. வாசிப்பவர் குரலில் ஏற்ற இறக்கம் இருப்பதில்லை.

நாற்காலியும் கையொப்பமும்

அமெரிக்காவில் கவுண்டி ஆணையர்களின் கூட்டங்களில் பொதுமக்கள் பேசத் தனி நேரம் ஒதுக்கும் வழக்கம் பரவலாக உண்டு. பெரும்பாலும் ஆளுக்கு மூன்று நிமிடம். வழக்கமான அலுவல்களை ஒரே வாக்கெடுப்பில் தொகுத்து முடித்துவிடுவார்கள். நம் கிராமசபை அதைவிடத் துணிச்சலான கற்பனை. இங்கே மக்கள் விருந்தினராக வந்து பேசிச் செல்வதில்லை. வாக்காளர் அனைவருமே சபை உறுப்பினர். மக்கள்தொகைக்கேற்ப 50 முதல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு, 2022 முதல் உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சிகள் நாளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள்.

கற்பனைக்கும் நடப்புக்கும் இடையே நாற்காலி நிற்கிறது. 1996 முதல் 2006 வரை பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பட்டியலினத்தவர்க்கு ஒதுக்கிய தலைவர் பதவியில் எவரும் நிலைத்து அமர விடப்படவில்லை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவுத் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். பழைய கதை என்று தள்ள முடியாது. 2020 ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஒரு பெண் தலைவர் சுதந்திர நாளன்று கொடியேற்றத் தடுக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் இன்னொரு பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் நாடு முழுதும் பரவியது. உள்ளாட்சியில் பெண்களுக்குச் சரிபாதி இடம் என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்ட மாநிலம் இது.

காசோலையில் தலைவர், துணைத்தலைவர் இருவர் கையொப்பமும் வேண்டும் என்பது முறைகேட்டைத் தடுக்க வந்த விதி. தலைவர் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்ணாகவும் துணைத்தலைவர் ஊர்ப்பெரியவராகவும் உள்ள இடங்களில் அந்த விதியே கழுத்தை நெரிக்கும் கயிறாகிவிடுகிறது. விதி நல்லதா கெட்டதா என்பதை விதி மட்டும் தீர்மானிப்பதில்லை. உத்திரமேரூர்ச் சபையார் இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கிராமசபைக்குத் திரும்புகிறேன். கூட்டம் கலைந்த பின் தலைவரம்மா மூதாட்டியைத் தனியே அழைத்து, எந்தத் தெரு, எத்தனையாவது குழாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு செயலரிடம் திரும்பி, அந்தத் தெருவின் பெயரையும் தீர்மானத்தில் சேர்க்கச் சொன்னார். செயலர் சற்றுத் தயங்கினார். வழக்கமாக அப்படி எழுதுவதில்லை. பின்னர் வரிகளுக்கிடையே நுணுக்கி எழுதினார்.

தெருவின் பெயர் எழுதப்பட்ட தீர்மானத்துக்கும் எழுதப்படாத தீர்மானத்துக்கும் வேறுபாடு உண்டு. அடுத்த கூட்டத்தில், முந்தைய தீர்மானங்களின் மீதான நடவடிக்கை என்ன என்று யாரேனும் கேட்டால், முதலாவதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவதற்கு எதைச் சொன்னாலும் பதிலாகிவிடும். பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, யார் யார் உறவினர் என்பதை அத்தனை விரிவாகப் பட்டியலிட்டதும் இதற்காகத்தான் இருக்க வேண்டும். பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள்.

குழாயில் தண்ணீர் வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு தெருவின் பெயர் இருக்கிறது.